டவுட் இருந்தால் போன் பண்ணலாம்

டீ பிரேக் மணி அடித்ததும் எங்கள் லைனில் எல்லோரும் டீக்கு ஓடுவோம். அக்கா மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும் ஷிப்ட் அட்டவணைக்கு முன்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டிருப்பாள்.

"பிரேக்கு ரெண்டு இருக்குதுடி. பஸ்ஸ நிறுத்தற பிரேக்கு வேற, இது வேற. டீக்கு ஸ்பெல்லிங் என்னா? டி, ஈ, ஏ. அதே ஈ ஏ தான் டீ பிரேக்லயும் வருது. டீய நெனச்சினா போதும், மறக்கவே மறக்காது."

இதைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். பத்து மணிக்குக் கிடைக்கிற அந்த ஒரு தம்ளர் டீயில்தான் என் உயிர் இருந்தது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்? "ஏக்கா, நாம ஒயர் சொருகிச் சோறு திங்க வந்தவுக. நீங்க என்னமோ கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரில்ல நிக்கிறீக" என்று கத்துவேன். அவள் சிரிப்பாள். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதை மறைக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு மேல் ஒருத்தியால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியாது. நானும் முயன்று பார்த்தவள்தான்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனி அது. நான் விருதுநகர்ப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள். அக்கா மத்தூர்ப் பக்கம். தமிழ் மீடியத்தில் பத்தாவது. மூக்கண்டப்பள்ளியில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிக்‌ஷனரி என்பார்கள். லைன் லீடர் ஆனேக்கல்காரர். காலையில் எங்கள் மேசைகளைக் கடக்கும்போது, "ஏனக்கா, இவத்து யாவ வேர்டு?" என்று கன்னடத்தில் இன்றைய வார்த்தையை விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். அக்காவும் அவரை விடமாட்டாள். வார்த்தை இரண்டையும் சொல்லி, வித்தியாசத்தையும் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் ஒயரைக் கையில் எடுப்பாள்.

எங்கள் மேசையில் பச்சைக்கோடு போட்ட மஞ்சள் ஒயரும் வரும், மஞ்சள்கோடு போட்ட பச்சை ஒயரும் வரும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது மாற்றிச் சொருகித் திட்டு வாங்குவோம். அக்கா என்னிடம் சொல்லுவாள்: "ஒண்ணு போல இருக்கறதுதான்டி ஏமாத்தும். வேற மாதிரி இருக்கறத யாரு மாத்திப் போடுவா?"

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். கடைப் பலகைகளைப் படிக்கத்தான். ஒருநாள் பாகலூர் ரோட்டில் ஒரு இரும்புக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு என் தொடையில் பளாரென்று அடித்தாள். "ஏய், இங்க பாரு, இரும்புக்கடையில தேவதை விக்கறாங்க!" கூரைக்குப் போடுகிற ஆங்கிளை ஏஞ்சல் என்று எழுதிவைத்திருந்தார்கள். கடைசியில் ஈ எல் வந்தால் ரெக்கை முளைத்த தேவதை, எல் ஈ வந்தால் இரும்பு. சும்மா சிரித்துவிட்டுப் போகிற ஆளா அவள்? அடுத்த லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போய்ச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் தெலுங்குக்காரர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "தேவதையாவே இருக்கட்டும்மா. கிலோ ரேட்டு அதேதான்" என்றார். எனக்கு மானம் போயிற்று. அக்கா திரும்பி வருகிற வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதவி உயர்வுக்குத்தான் இந்தப் பாடு படுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நினைப்பில் மண் விழுந்தது.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊர்க்காரப் பெண்களோடு மலைக்கோயிலுக்கோ கடைக்கோ போய்விடுவேன். அன்றைக்குக் கால் சுளுக்கி அறையிலேயே கிடந்தேன். சாயங்காலம் அக்கா தலைக்குக் குளித்தாள். இழுத்து வாரிப் பின்னல் போட்டாள். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆத்தாடி, போன்ல பேசவா இம்புட்டு அலங்காரம்? அந்தப் பக்கம் மாப்பிள்ளையா இருக்காக?" என்று கேட்டேன். சும்மா இரு என்று கையைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் எடுத்தது ஒரு பெண் குரல். "ம், சொல்லு" என்றது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "பாப்பாவுக்கு இங்கிலீஷ்ல டவுட் இருந்திச்சின்னா கேக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். கொஞ்ச நேரம் மாடு கத்துகிற சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல்.

"அம்மா, டெசர்ட்டுக்கு ஒரு எஸ்ஸா, ரெண்டு எஸ்ஸா?"

"மணலா கெடக்கற எடம்னா ஒரு எஸ்ஸு கண்ணு. சாப்ட்டு முடிச்சி இனிப்பு தருவாங்க இல்ல, அதுன்னா ரெண்டு எஸ்ஸு. இனிப்புதான ரெண்டாவது வாட்டி கேப்போம்? அப்டி ஞாபகம் வெச்சிக்கோ. நீ மத்தியானம் என்னா சாப்ட்ட?"

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "பாடத்த மட்டும் கேளு பாப்பா" என்றது முதலில் கேட்ட குரல்.

சின்னக் குரல் கொஞ்சம் யோசித்தது. "மறந்துட்டேன்மா. இன்னொரு தடவ சொல்லு."

அக்கா முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் சோறு பிசைந்து ஊட்டுவதுபோல மெதுவாகச் சொன்னாள். போனை வைத்ததும் நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இப்பத்தான சொன்னீக, அதுக்குள்ள மறந்துட்டாளா? சரியான மக்காவுல்ல இருக்கா?"

"மறக்கலடி அவ. என் கொரல கேக்கறா" என்றாள் அக்கா.

அன்றைக்குத்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. புருஷன் குருபரப்பள்ளிக்கிட்ட நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்திருந்தான். அவள் கம்பெனி வேலைக்கு வந்தாள். மகளைப் புருஷனுடைய அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். அந்த அண்ணன் தன் பிள்ளைகளோடு அவளையும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டிருந்தார். ஆரம்பத்தில் அக்கா தினமும் போன் பண்ணியிருக்கிறாள். பேசி முடித்தால் பிள்ளை அழும், சாப்பிடாது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் புத்தகப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஓசூர் பஸ் எது என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஊரே தேடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஓரகத்தி கறாராகச் சொல்லிவிட்டாள்: "வாரத்துல ஒரு நாளு, ஸ்பீக்கர்ல போட்டுத்தான். படிப்புல டவுட் இருந்தா பேசலாம். வேற பேச்சு வாணாம், புள்ள மனசு கலையுது."

"இது என்னக்கா அநியாயம்! பெத்தவ பேச அவுக என்ன பெர்மிஷன் குடுக்குறது?" என்று குதித்தேன்.

"அவங்களக் குத்தம் சொல்லாத. பாப்பாவுக்கு அம்மை வாத்தப்ப ராவும் பகலும் வேப்பிலையோட பக்கத்துல உக்காந்தது அவங்கதான். நான் இங்க லைன்ல நின்னுனு இருந்தேன்."

அவளுடைய ஜோடி வார்த்தைப் பைத்தியத்துக்கும் அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது.

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னால் சட்டென்று முடிந்துவிடும். ஒன்று போல இருக்கிற இரண்டு வார்த்தை என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும், வித்தியாசம் சொல்ல வேண்டும், ஞாபகம் வைக்க வழி சொல்ல வேண்டும், இரண்டுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அத்தனை நேரமும் பேசலாம். அதற்காகத்தான் அவள் வாரம் முழுக்கச் சுவரையும் பலகையையும் அட்டைப்பெட்டியையும் படித்துக்கொண்டு அலைந்தாள். அர்த்தம் தெரியாவிட்டால் க்வாலிட்டி இன்ஜினியரைக் கேட்பாள், மெடிக்கல் ஷாப்பில் கேட்பாள், அதையும் விட்டால் என் போனைப் பிடுங்குவாள். கூச்சமாவது ஒன்றாவது!

அந்த உதாரண வாக்கியம் இருக்கிறதே, அதில்தான் அம்மாவும் மகளும் குடித்தனமே நடத்தினார்கள். குயட் என்றால் அமைதி, குவைட் என்றால் ரொம்ப, அப்படி ஒரு ஜோடி. அக்கா தப்பும் தவறுமான இங்கிலீஷில், நீ இல்லாமல் என் ரூம் ரொம்ப குயட் என்று ஒரு வாக்கியம் சொல்வாள். பாடம்தானே, யார் என்ன சொல்ல முடியும்? இன்னொரு தடவை ஓ ஒன்று போடுகிற லூஸும் ஓ இரண்டு போடுகிற லூஸும் வந்தது. மகள் தன் பங்குக்கு, "மை டூத் இஸ் லூஸ். ஐ வில் லூஸ் இட்" என்றாள். அக்கா போனை வைத்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். "பாப்பாவுக்குக் கடவாப்பல்லு ஆடுதாம்டி!" அந்த வாரம் முழுக்க அந்தப் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். எனக்கே அந்தப் பல் விழுந்துவிட்டதா என்று கவலையாகிவிட்டது.

வாங்குவதற்குச் சொல்கிற பை என்ற வார்த்தையில் ஒரு ஜோடி வந்தபோது, பெரியப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் பசு வாங்கப் போகிறார், நானும் போகிறேன் என்று மகள் வாக்கியம் அமைத்தாள். பள்ளிக்கூடம் லீவு. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டாள். தனியாகப் போகப் பயம் என்று என்னையும் லீவு போட வைத்தாள்.

சந்தையில் மாடும் ஆளுமாக நிற்க இடமில்லை. சாணி மிதித்துத் தேடினோம். பெரியப்பாக்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுஷன். "வந்துட்டியாம்மா? சரி, பேசினு இருங்க. நான் பேரத்த முடிச்சினு வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரு தரகர் கையைத் துண்டால் மூடினார். இவர் துண்டுக்குள் கையை விட்டார். உள்ளே விரல்கள்தான் விலை பேசும். வெளியே இருவரும் வாயைத் திறக்காமல் முகத்தை முகம் பார்த்து நின்றார்கள்.

மகள் அக்காவின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். அதே துருத்தின பல். அக்கா அவள் தலைமுடியைத் தொட்டாள், காதுத்தோட்டைத் தொட்டாள்.

"சாப்ட்டியா?"

"ம்."

"வெயிலு ஜாஸ்தியா இருக்குது."

"ம்."

அவ்வளவுதான். பக்கத்தில் தொண்டை செரும ஆளில்லை. ஸ்பீக்கர் இல்லை. சுற்றி நின்ற மாடுகளுக்கு இவர்கள் என்ன பேசினால் என்ன? இரண்டு பேரும் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார்கள். பேசித் தொலையுங்களேன் என்று இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டலாம்போல இருந்தது.

கடைசியில் மகள்தான் நிமிர்ந்தாள். "அம்மா, கேட்டிலுக்கும் கெட்டிலுக்கும் என்னா வித்தியாசம்?"

அக்கா முகம் பளிச்சென்று ஆயிற்று. "சி போட்டு ஏ போட்டா இந்த மாடுங்க கண்ணு. கே போட்டு ஈ போட்டா டீ கொதிக்க வெக்கறது" என்று ஆரம்பித்தாள். பேரம் முடிகிறவரை நிறுத்தவில்லை. பெரியப்பா கறுப்புப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "போலாமா பாப்பா?" என்றபோது அவர்கள் இன்னும் கெட்டிலில்தான் இருந்தார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா பலகை எதையும் படிக்கவில்லை. சூளகிரி தாண்டியதும் உடைந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "யாருமே கேக்கலடி. என்னா வேணா பேசியிருக்கலாம். எங்களுக்கு வேற பேச்சே வரல" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த ஆசை அவளைப் பிடித்தது. பத்தாவது முடிந்ததும் மகளை ஓசூருக்கே கூட்டி வந்து பிளஸ் ஒன் சேர்ப்பது. பள்ளிக்கூடம் ஒன்றை விசாரித்து வைத்தாள். பக்கத்துத் தெருவில் ஜன்னல் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்தாள். "ஜன்னல் பக்கம் பாப்பாவுக்கு, கதவுப் பக்கம் எனக்கு, நடுவுல நீ வந்து போயினு இரு" என்றாள். கேட்பதுதான் பாக்கி. "என்கூட வந்துடறியா கண்ணு?" என்ற ஒரே வரியைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினாள். அதை எந்த ஜோடி வார்த்தைக்குள் வைத்துக் கேட்பது என்று என்னிடம் யோசனை வேறு கேட்டாள். "நேரா கேளுங்கக்கா, பூனைக்கு மணி கட்டவா போறீக?" என்றேன்.

மகள் அப்போது ஒன்பதாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைவாரி உட்கார்ந்து போன் போட்டாள்.

"டவுட் எதுவும் இல்லம்மா" என்றது அந்தப் பக்கம்.

அக்கா விடவில்லை. "ஸ்டேஷனரின்னு ரெண்டு வருது பாரு..."

"தெரியும்மா."

அடுத்த வாரமும் டவுட் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்தக் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பரீட்சையில் பதில் சொல்வதுபோலச் சொல்லும். "நல்லா படி கண்ணு" என்று அக்கா வைத்துவிடுவாள். மனப்பாடம் பண்ணின வரி தொண்டையிலேயே நின்றுவிடும். நான் பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்திவிட்டேன். "டவுட் இல்லாட்டி என்னக்கா? பெத்த தாய்தான நீங்க? கேக்க வேண்டியதுதான!"

"எங்கிட்ட இருந்து எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்துட்டாடி அவ. இனிமே நான் எதுக்கு?" என்றாள். சண்டைக்கு வருகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜன்னல் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். ஆனால் அக்கா வார்த்தை சேர்ப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பதையும் நிறுத்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு லைனுக்கு வந்தாள். கண் மஞ்சளாகிற வரைக்கும் சொல்லவில்லை, பாவி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு பால் வண்டி நின்றது. என் தோளில் சாய்ந்தபடியே அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்து, "டெய்ரி, டயரி" என்றாள். எப்படி ஞாபகம் வைப்பது என்பதையும் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்று அதட்டினேன். ஈரல் முற்றிலும் கெட்டுவிட்டதாக டாக்டர் சொன்னார். மத்தூரிலிருந்து ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டாள்.

புருஷன் ஊருக்குத்தான் கொண்டுபோனார்கள். நானும் போனேன். ஓரகத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்றேன். மாமரத்தில் சந்தையில் வாங்கிய அந்தக் கறுப்புப் பசு கட்டியிருந்தது. மகள் என் பின்னால் வந்தாள்.

"நீங்கதான அம்மா ரூம்ல இருக்கற அக்கா? போன்ல உங்க சத்தம் கேக்கும்."

எனக்குள் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. "ஒரு வார்த்தை பேசியிருந்தா உன் வாயில இருக்க முத்து உதிர்ந்துருமாடி? வாராவாரம் குளிச்சுத் தலைவாரி உக்காந்திருப்பாக. டவுட் இல்ல, டவுட் இல்லன்னு போனை வச்சுட்ட."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஸ்கூல்லயே இங்கிலீஷ்ல நான்தான்க்கா ஃபர்ஸ்ட்டு வந்தேன். டீச்சர் வூட்டுக்கே வந்து பெரியம்மாகிட்ட சொல்லிட்டாங்க, இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ்ல டவுட்டே வராதுன்னு. அதுக்கப்புறம் டவுட்னு சொன்னா பெரியம்மா நம்பல. 'உங்கம்மாவுக்கு நீ சொல்லிக் குடுப்ப, அவ என்னா உனக்கு சொல்லப்போறா'ன்னு பக்கத்துலயே நின்னுனு இருந்தாங்க. பொய் சொல்ல வரலக்கா."

அவளுக்கு அத்தனை வார்த்தையையும் ஊட்டி முதலாவதாக வரவைத்தது யார்? அந்த முதலாவதுதான் போனைப் பிடுங்கியிருக்கிறது. இது தெரியாமலேயே போய்விட்டாளே!

"பத்தாவது முடிச்சதும் நானே ஓசூருக்கு வந்துடறேன்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "அம்மா அப்புறமும் வார்த்தை சேத்துனு இருந்தாங்களா?"

"கடைசி வரைக்கும்."

"கடைசியா என்னா சேத்தாங்க?"

"டெய்ரி, டயரி."

முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுக்கும் என்னாக்கா வித்தியாசம்?"

ஆட்டோவில் கேட்டதை அப்படியே சொன்னேன். "ஐன்னா நான். டயரியில நம்மளப் பத்தித்தான எழுதுவோம், அதனால ஐ முன்னாடி வரும். டெய்ரின்னா பால் பண்ணை. அங்க மாடுதான் முக்கியம், நாம பின்னாடி போயிரணும். அதனால ஐ பின்னாடி. உங்கம்மா அப்படித்தான் சொன்னாக."

அவள் வாயை அசைத்து ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பல் தெரிந்தது.

"மறந்துட்டேன்க்கா" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.